மேட்டில் நின்ற மின்சாரக் கார்

மோட்டார் வண்டிகள் புதிதாக வந்திருந்த காலம் அது. மாப்பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டபோது தெர்சா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மகள் ஃபீபிக்குப் பிரசவ வலி கண்டுவிட்டதாம்.

 போன தடவையும் இப்படித்தான் கூப்பிட்டார்கள். கணவன் ஆல்டனின் நீராவிக் காரில் கொதிகலன் சூடேறும்வரை இருவரும் முற்றத்திலேயே நின்றார்கள். போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்து, கண் திறக்காமலே போய்விட்டது. அம்மாவைக் கேட்டுக் கேட்டு ஃபீபி ஓய்ந்து கிடந்தாள்.

இப்போதும் ஆல்டன் கொட்டகைக்கு ஓடி நீராவிக் காரின் அடுப்பைப் பற்றவைத்தான். தெர்சா மாவுக் கையோடு தன் மின்சாரக் காரில் ஏறினாள்.

"அந்தப் பொம்மை வண்டி மேடு ஏறாது தெர்சா! பாதியில படுத்துடும்."

"ஏறுற வரைக்கும் ஏறட்டும். ஒன் வெந்நீர்ப் பானை கொதிச்சதும் பின்னாலயே வா."

கடைக்கும் தேவாலயத்துக்கும் போய்வர வாங்கிய வண்டி அது. சமவெளியில் சத்தமில்லாமல் ஓடியது, மேட்டில் திணறி நின்றது. மின்கலத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்து நகர்த்தினாள். மறுபடி நின்றது, மறுபடி நகர்த்தினாள். கடைசியில் அசையவே மறுத்தது. இறங்கிப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அழுதபடியே நடந்தாள்.

பின்னால் நீராவி சீறும் சத்தம். வழியில் குதிரைகள் குடிக்கும் தொட்டியில் கொதிகலனுக்குத் தண்ணீர் பிடித்திருக்கிறான், ஆல்டனின் சட்டைக்கை முழுதும் ஈரம். அவள் ஏறிக்கொண்டாள். முன்னால் கிளம்பியதில் ஒரு நிமிடம்கூட மிச்சமாகவில்லை என்பது அவளுக்கும் உறைத்தது.

"சொல்லிடு. சொல்லத்தானே காத்துக்கிட்டிருக்க."

"என்னத்தச் சொல்ல? நீ போனதும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். ‘ஃபீபிகிட்டச் சொல்லுங்க, அவங்கம்மா கிளம்பிட்டா’ன்னேன். போன தடவை அப்படிச் சொல்ல முடியலியே."

தெர்சா அவன் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வருடமாகப் பேசிப் பேசிச் சண்டை போட்ட மனிதன், இவனைப் போய்த் திட்டினோமே என்றிருந்தது.

மகள் வீட்டு மாடி அறையில் ஃபீபி வியர்வையில் நனைந்து கிடந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கை நீட்டினாள்.

"நீ வழியில இருக்கேன்னு சொன்னாங்க. இப்ப எந்த இடத்துல வருவ, இப்ப எந்த இடத்துல வருவன்னு நெனைச்சுக்கிட்டே தாங்கிட்டேம்மா."

"வந்துட்டேன்டி. இனி முக்கு."

கீழே, அணைக்க மறந்த காரின் பக்கத்தில் நின்றிருந்த ஆல்டனுக்கு, சீறும் நீராவியையும் மீறி, குழந்தையின் அழுகுரல் கேட்டது.