அலாரம் என்று கூப்பிட்டார்கள்

வகுப்பில் என் மகளுக்கு ‘அலாரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சின்ன வயதிலேயே வந்த சர்க்கரை வியாதி அவளுக்கு. கையில் ஒட்டிய கருவி, ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் பைக்குள் இருக்கும் குட்டிப் பெட்டியை அலற வைக்கும். உடனே குளுக்கோஸ் மாத்திரையை மென்றாக வேண்டும். தாமதித்தால் மயக்கம். அதற்கு மேல் நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது.

பின்வரிசையில் ஒரு பையன். எந்தச் சத்தத்தையும் அச்சு அசலாகத் திருப்பிப் போடுவான் என்பதால் அவன் பெயர் கிளி. தலைமையாசிரியரின் இருமலில் தொடங்கியவன் என் மகளின் பெட்டிக்கு வந்து சேர்ந்தான். அவள் எழுந்தால் அலறுவான், தண்ணீர் குடித்தால் அலறுவான். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அவள் வீட்டுக்கு வந்து வாயே திறக்க மாட்டாள்; கூடப் படிக்கும் பிள்ளைகள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

எனக்குத் துணிக்கடையில் தையல் வேலை. என் வாயிலும் ஊசி இருக்கிறது என்பார் என் கணவர். அந்த வாயோடு டீச்சரிடம் போய் நின்றேன்.

“விளையாட்டுப் பசங்கம்மா. கண்டுக்காம விட்டா தானா அடங்கிடுவாங்க. நானே இப்பல்லாம் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல,” என்றார் அவர். அவர் நல்லவர். அதனால் எனக்கு இன்னும் எரிச்சல்.

கணக்குப் பரீட்சை அன்று பைகளையெல்லாம் சுவரோரம் வைக்கச் சொல்லிவிட்டார்கள். பாதிப் பரீட்சையில் பெட்டி அலறியது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த டீச்சர் திரும்பாமலே, “கிளி, வாய மூடு,” என்றார். மறுபடி அலறியது. “வெளிய போடா!”

என் மகளுக்குக் கை உதறத் தொடங்கியிருந்தது. கூப்பிட நாக்கு எழவில்லை. எழுந்தவள் அப்படியே பெஞ்சில் சரிந்தாள்.

“ஐயோ, நான் இல்ல டீச்சர்! சத்தியமா நான் இல்ல! அவளப் பாருங்க!” என்று கத்தினான் கிளி. ஓடிப்போய்ப் பையைக் கவிழ்த்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான்.

போன் வந்து நான் அடித்துப்பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் ஆசிரியர் அறை நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டீச்சர் மூக்கை உறிஞ்சியபடி எல்லாவற்றையும் சொன்னார். கதவோரம் நின்ற கிளியை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

“நல்லா இருப்ப கண்ணு, நீ மட்டும் இல்லேன்னா...” அவன் தோளைப் பிடித்தபடியே நின்றேன். மகளிடம், “அவனுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லும்மா,” என்றேன்.

அவள் சொல்லவில்லை. அவனை நேராகப் பார்த்தாள். குரல் இன்னும் தேறவில்லை.

“நீ தினமும் கத்தலேன்னா, டீச்சர் முதல் தடவையே திரும்பியிருப்பாங்க.”

டீச்சர் தரையைப் பார்த்தார்.

“தெரியும்,” என்றான் கிளி.

நான் அவன் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, என் மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.