தொண்ணூற்றிரண்டு போதாத சம்பந்தி

என் பேரன் இருபத்தெட்டு வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை தொள்ளாயிரம் கிராம். அடுகோடிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஆக்சிஜன் கொடுத்துப் படுக்கவைத்திருந்தார்கள். அவன் ஒரு தொந்தரவும் தரவில்லை. தந்ததெல்லாம் என் மருமகளின் அப்பா சீனிவாசராகவன்தான்.

பெட்டிக்கு மேலே திரையில் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றிரண்டு என்று தெரிந்தது. மனுஷர் அதை மார்க் ஷீட் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"என்ன சிஸ்டர், எங்காத்துல யாரும் கணக்குல நூத்துக்குக் கொறைஞ்சதில்லை. மீதி எட்டு எங்கே?"

"இவ்ளோதான் சார் இருக்கணும்," என்றாள் நர்ஸ் பவுலின். "ஜாஸ்தியானா அந்த ஆக்சிஜனே கண்ணு, நுரையீரல் எல்லாத்தையும் கெடுத்துடும். குறைமாசக் குழந்தைக்கு அதைத் தாங்குற சக்தி இன்னும் வரலை. பார்வையே போகலாம்."

நன்றாகத் தலையாட்டினார். அவள் அடுத்த பெட்டிக்குத் திரும்பியதும் ஆக்சிஜன் குமிழைத் திருகிவிட்டார். தொண்ணூற்றெட்டு. குடும்ப குரூப்புக்குப் போட்டோ அனுப்புவதற்குள் அலாரம் அடித்தது. பவுலின் ஓடிவந்து குமிழைப் பழையபடி வைத்தாள்.

"இன்னொரு தடவை தொட்டீங்கன்னா உள்ளயே விடமாட்டேன்."

வெளியே வந்ததும், "நாளைக்கு நூறாக்கிடறேன், ஓய்," என்றார்.

நர்ஸுக்கே அடங்காத ஆளிடம் நிஜத்தைச் சொல்லி என்ன பிரயோஜனம்? ஒரு கதையை அளந்துவிட்டேன்.

"பொம்மசந்திராவில் எங்கள் ஃபேக்டரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆக்சிஜன் சிலிண்டர் ஒழுகிவிட்டது, சம்பந்தி. திங்கட்கிழமை போர்மேன் வந்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். நேரே தரையில் இருந்தார். நாற்காலி முழுக்கத் துருத்தூள். இரண்டு முறத்தில் அள்ளினோம். கதவுப் பூட்டு மட்டும் பித்தளை, தப்பித்தது."

சம்பந்தி நூறு பேச்சை விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். அப்பாடா என்றிருந்தேன்.

மறுநாள் நேரே பவுலினிடம் போனார். "சிஸ்டர், எழுபதுக்கு இறக்குங்கோ. கொழந்தை ஒடம்புல இரும்புச் சத்து இருக்கு. துருப்பிடிச்சிடும்."

"எழுபதுன்னா மூளை போயிடும் சார். யாரு உங்களுக்கு இதெல்லாம் சொல்றது?"

கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் காட்டினார்.

அன்றோடு இரண்டு தாத்தாக்களுக்கும் அனுமதி ரத்து. நாலாவது வாரம் கண் டாக்டர் வந்து, ரத்தக்குழாய்கள் ஒழுங்காக வளர்கின்றன, பயமில்லை என்றாராம். எங்களுக்கு அதை மருமகள் போனில்தான் சொன்னாள். ஆஸ்பத்திரிப் பக்கமே வரவேண்டாம் என்றும் சொன்னாள்.