உப்பு ஜாடியும் ஒரு மிளாவும்

மேலப்பாறையடியில் மருமகள் தனிக்குடித்தனம் போக வேண்டுமானால், தனக்குப் பதிலாக வீட்டில் இருக்க, மலைக்காட்டிலிருந்து ஒரு மிளா மானைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். குடும்பத்தோடு சேர்ந்து தேட வேண்டும். பொழுது சாய்வதற்குள் அகப்படாவிட்டால் அடுத்த ஆவணி வரை பேச்செடுக்கக் கூடாது.

பிரம்மசக்திக்கு இன்னொரு வருஷம் தாங்காது. மாமியார் கோமதியம்மாள் நல்லவள்தான். ஆனால் உப்பு ஜாடியை இன்று வைத்த இடத்தில் நாளை வைக்கமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து, கொதிக்கிற குழம்பை விட்டுவிட்டு உப்பைத் தேடுவதே பிரம்மசக்திக்குப் பிழைப்பாகப் போயிற்று.

விடிந்ததும் நான்கு பேரும் மலையேறினார்கள். மாமனார் வேலாயுதம், தம்பி வீட்டுக்கு மூன்று மிளா கண்டுபிடித்துக் கொடுத்தவர்.

"காத்து நம்ம மூஞ்சில அடிக்கணும், தாயி. முழு மிளாவத் தேடாத. ஒரு காது ஆடுதான்னு மட்டும் பாரு."

கோமதியம்மாள் தலை நிறைய மல்லிகைப்பூ வைத்து வந்திருந்தாள். வழி நெடுக சம்பந்தி வீட்டுச் சீரைப் பற்றிச் சத்தமாகப் பேசினாள். மகன் சங்கரபாண்டி அம்மாவை அடக்கவும் முடியாமல், பெண்டாட்டியை ஏறிட்டுப் பார்க்கவும் முடியாமல், மரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

வெயில் இறங்கியது. ஓடைக்கரையில் குளம்புத்தடம் இருந்தது, மிளா இல்லை. பிரம்மசக்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கோமதியம்மாள் பாறையில் உட்கார்ந்து கொய்யாக்காய் நறுக்கினாள். பைக்குள்ளிருந்து உப்பு ஜாடியை எடுத்துத் திறந்தாள். ஆளில்லாத வீட்டில் அதை விட்டுவர அவளுக்கு மனசில்லை.

புதருக்குள் ஒரு காது ஆடியது. மிளா வந்து ஜாடியை நக்கத் தொடங்கியது.

"நீயே கூப்பிட்டுட்டியே," என்றார் வேலாயுதம். கோமதியம்மாள் ஜாடியை வெடுக்கென்று இழுத்து மூடினாள்.

பிரம்மசக்தி தெற்குத் தெருவில் குடியேறினாள். உப்பை அடுப்புக்கு வலப்பக்கம் வைத்தாள். மறுநாளும் அது அங்கேயே இருந்தது. சந்தோஷத்தில் குழம்பில் இரண்டு தடவை போட்டாள்.

ஒரு மாதத்தில் மிளா தனிக்குடித்தனம் கேட்டது. ஜாடி வைத்த இடத்தில் இருப்பதில்லையாம். வழக்கப்படி, அதற்குப் பதிலாக அது ஒரு மருமகளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பிரம்மசக்தி கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம், காற்றுக்கு எதிராக, வேலாயுதம் குனிந்து வந்தார். பின்னால் மிளா. அதற்கும் பின்னால், உப்பு வாங்கிவரப் போன சங்கரபாண்டி, மரங்களைப் பார்த்தபடி.

"முழு மருமவளத் தேடாத," என்று வேலாயுதம் மிளாவின் காதில் சொன்னார். "ஒரு வளையல் மின்னுதான்னு மட்டும் பாரு."

கோமதியம்மாள் இந்த முறை பூ வைத்திருக்கவில்லை. பேசவும் இல்லை. வேலியோரமாக உட்கார்ந்து ஜாடியைத் திறந்தாள்.

பிரம்மசக்தி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். வளையல் மின்னியது. உள்ளே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக ஜாடியை நோக்கி நடந்தாள்.