யார் வாய் இது?

பல் மருத்துவம் படிக்க வந்தவளுக்குத் தன் பல்லை நினைத்துத்தான் பயம். மேல்வரிசை எத்துப்பல். சின்ன வயதில் யாரோ போட்டோ எடுக்க நின்றபோது சித்தி அவள் காதருகே குனிந்து, "வாய மூடிட்டு சிரி கண்ணு" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து சிரிப்பு வருவதற்கு முன்னால் கை வந்து வாயை மறைத்துவிடும். போகப்போகப் பேச்சும் குறைந்தது. கல்லூரி தொடங்கிய சில நாளிலேயே வகுப்பில் அவளுக்குப் பிள்ளைப்பூச்சி என்று பெயர் விழுந்தது.

விடுதியில் அவளுடைய அறைத்தோழி அதற்கு நேர் எதிர். பட்டாசு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். "கைய எடுடி, பல்லு என்ன எழுந்து ஓடிடவா போகுது?" என்று விரலைப் பிடித்துக் கீழே இறக்குவாள். கேன்டீன் வரிசையில் பிள்ளைப்பூச்சியை முன்னே தள்ளிவிட்டு, "இன்னைக்கு இவதான் சொல்லுவா" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். "ரெண்டு டீ" என்று சொல்வதற்குள் இவளுக்கு வியர்த்துக் கொட்டும். அப்படியே பழகிப் பழகி, கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து சந்தேகம் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

அப்புறம் நெட்டையன். செய்முறை வகுப்பில் இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் வாயை மற்றவர் அச்செடுக்க வேண்டும். அச்சுமாவைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்து, பல்வரிசை மாதிரி வளைந்த தட்டில் நிரப்பி, வாய்க்குள் வைத்து இறுகும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டர் ஊற்றினால் வாய் அப்படியே வெள்ளையாக எழுந்து வரும். யார் வாயோ அவர் நம்பரை, எடுத்தவர் அதில் எழுதி வைக்க வேண்டும். இவளுக்கு ஜோடி அவன். இவள் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"முதல்ல நான் வாயத் திறக்கிறேன். எனக்குக் குமட்டும். வெளிய சொல்லி மானத்த வாங்கிடாத" என்றான்.

சொன்னபடியே குமட்டினான். கண்ணில் நீர், வாயில் எச்சில், ஆறடி உடம்பு நாற்காலியில் நெளிந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு கையும் மாவாக இருந்ததால் மறைக்க முடியவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான், பார்வையை எடுக்கவில்லை. அவன் காது சிவந்துபோனது. அப்புறம் அவளும் வாயைத் திறந்து காட்டினாள். அதற்குப் பிறகு தினமும் டீ குடிக்க மூன்றுபேராகப் போனார்கள். ஏதாவது சாக்குச் சொல்லிப் பட்டாசு பாதியில் நழுவிவிடுவாள்.

அடுத்த வாரம் ஆசிரியர் அலமாரியிலிருந்து ஓர் அச்சை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இதுக்கு நம்பரே போடல. யார் வாய் இது?"

பிள்ளைப்பூச்சி பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள். அது அவளுடையது. பின்னாலிருந்து ஒருவன், "பாட்டில் ஓப்பனர் சார்!" என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

நம்பர் போட மறந்த நெட்டையன் பாதி எழுந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

"என்னோடது சார்" என்று ஒரு குரல். பட்டாசு.

ஆசிரியர் அவளைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். நூல் பிடித்த மாதிரி வரிசை. "என்கிட்டயே கிண்டலா? வெளிய போ. இந்த மாசம் முழுக்க எல்லார் கிண்ணத்தையும் நீதான் கழுவணும்."

பட்டாசு வகுப்பைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியேறினாள். கைதட்டல் எழுந்தது. பிள்ளைப்பூச்சி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் எழுந்திருக்கவில்லை.

மாலையில் அறைக்கு வந்தபோது பட்டாசு நகக்கண்ணில் இறுகிய பிளாஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி அப்படிச் சொன்ன?"

"நீ எழுந்திருக்க மாட்டேன்னு தெரியும்ல."

மழை வரும் என்று சொல்வதுபோல அவள் அதைச் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. தன்னை இவ்வளவு சரியாக எடைபோட்டு வைத்திருக்கிறாளே என்று பிள்ளைப்பூச்சி கூனிக்குறுகிப் போனாள்.

மறுநாள் காலை நெட்டையன் டீயைத் தொடவே இல்லை. "நீ இழுத்ததாலதான் உக்காந்தேன்னு எனக்கு நானே சொல்லிப் பாத்துட்டேன். உக்காந்தது நான்தானே" என்றான்.

அவன் ஆறுதல் சொல்வான் என்று வந்தவள் அவள். "என் பல்லப் பாத்துச் சிரிச்சாங்க, அதுகூடப் போகட்டும். அவள வெளிய அனுப்பிட்டு நான் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருந்தேனே" என்றாள்.

"இப்ப ரெண்டு பேரும் போய்ச் சொல்லிடலாமா?"

"நம்பர் விட்டது நீ. வாய் என்னோடது. முதல்ல நான் சொல்றேன்."

வகுப்பு தொடங்கியதும் எழுந்தாள். "சார், நேத்து நீங்க காட்டின அச்சு..." கை தானாக வாய்க்குப் போனது. அதை இறக்கி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அது என் வாய்."

எங்கோ ஒருவன் களுக்கென்றான்.

"நேத்தே சொல்லியிருக்கணும்" என்றார் ஆசிரியர்.

"ஆமா சார்."

"நம்பர் போடாதது நான் சார்" என்று நெட்டையனும் எழுந்தான்.

"அப்ப மூணு பேரும் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான்.

வகுப்பு முடிந்து குழாயடியில் மூவரும் நின்றார்கள். எப்போதும் வெடித்துக்கொண்டிருக்கும் பட்டாசு தலை நிமிராமல் கிண்ணத்தைச் சுரண்டினாள்.

"மன்னிச்சுக்கோடி" என்றாள் பிள்ளைப்பூச்சி.

"எனக்குக் கோபமே இல்லன்னு நினைச்சியா?" பட்டாசு கிண்ணத்தைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்து அழுதேன். நீ பின்னாலயே வருவேன்னு கொஞ்ச நேரம் பாத்தேன்."

"எனக்குத் தெரியாதுடி."

"தெரியும். வந்து பாக்கப் பயம்."

இல்லையென்று சொல்ல வாயெடுத்தாள். பொய்யாகிவிடும். "ஆமா, பயம்தான்" என்றாள். பட்டாசு அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, கழுவிய கிண்ணத்தைத் துடைக்கச் சொல்லி நீட்டினாள். நெட்டையன் துணியை எடுத்துக் கொடுத்தான்.

ஒரு வாரம் கழித்துத்தான் பட்டாசு பழையபடி அவளைக் கேன்டீன் வரிசையில் முன்னே தள்ளினாள். ஆண்டு முடியும்போது நெட்டையன் திக்கித் திணறி, "உன்னப் பிடிச்சிருக்கு" என்றான். அவள் வாயை மறைக்காமல் சிரித்தாள். "எனக்கும்தான்" என்று தெளிவாகவே சொன்னாள். பிள்ளைப்பூச்சி என்று யாரும் இப்போது கூப்பிடுவதில்லை. "நல்ல தைரியசாலி" என்கிறார்கள். அப்படி யாராவது சொன்னால், பட்டாசு பக்கத்தில் இருந்தால், அவளுக்கு முகம் சுட்டுவிடும். பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள்.