கறுப்புக் கரை

வைகாசி வெயிலில் தபாலாபீஸ் வாசலில் நின்றபடியே பெரியண்ணன் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டான். முதல் தடவை சொற்கள் புரிந்தன, விஷயம் புரியவில்லை. இரண்டாம் தடவை விஷயம் புரிந்தது. மூன்றாம் தடவை எதற்குப் படித்தான் என்று அவனுக்கே தெரியாது. நீல நிற ஏர்மெயில் தாள், டைப் அடித்த இங்கிலீஷ், கீழே முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கையெழுத்து. பேராசிரியர் லோமான் பிப்ரவரிக் கடைசியில் காலமான செய்தியை மார்ச் முதல் வாரமே உங்களுக்கு அனுப்பியிருந்தோம். அவர் ஏற்பாடு செய்த ஆறு மாத ஆராய்ச்சி இடம் அப்படியே இருக்கிறது, ஏப்ரல் பதினைந்துக்குள் உங்கள் சம்மதம் வந்து சேர வேண்டும் என்று அதே துக்க உறையில் தனித் தாளில் எழுதியிருந்தோம். பதில் வரவில்லை. இடத்தை வேறொரு மாணவருக்குக் கொடுத்துவிட்டோம். புதிய தலைவரின் ஆராய்ச்சி வேறு என்பதால் அடுத்த ஆண்டு இப்படியோர் இடம் இருக்காது. வருந்துகிறோம்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. கோபமாவது வந்திருக்கலாம், அதுவும் வரவில்லை. எதிரே ஷிஃப்ட் பஸ் ஒன்று நின்று, சாப்பாட்டுத் தூக்கோடு ஆட்களை ஏற்றிக்கொண்டு சுரங்கத்துப் பக்கம் போயிற்று. கடைசியாக ஏறியவரின் சட்டையில் இரண்டாவது பித்தான் இல்லை. அதை ஏன் இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறோம் என்று யோசித்துக்கொண்டே இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

லோமான் நெய்வேலிக்கு வந்தது போன வருடக் கோடையில். ஜெர்மன் யந்திரங்களைப் பார்க்க எத்தனையோ வெள்ளைக்காரர்கள் வந்து போகிற ஊர்தான் இது. ஆனால் யந்திரத்தைத் திரும்பியும் பார்க்காமல் பழுப்பு நிலக்கரிக்குள் மண்டியிட்டு உட்கார்ந்தவர் இவர் ஒருவர்தான். சிதம்பரத்தில் பி.எஸ்சி. ஜியாலஜி முதல் வருஷம் முடித்துவிட்டு விடுமுறையில் வந்திருந்த பெரியண்ணனுக்கு அவருடைய மாதிரிப் பெட்டிகளைச் சுமக்கிற தற்காலிக வேலை கிடைத்தது. மூன்றாம் நாள் அவன் தன்னுடைய நோட்டைக் காட்டினான். நிலக்கரிக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாகக் கிடைக்கும் பழைய மரப்பிசின் துண்டுகளை, எந்த ஆழத்தில் எடுத்தது, என்ன நிறம், நெருப்பில் காட்டினால் என்ன வாசனை என்றெல்லாம் இரண்டு வருடமாக அதில் குறித்து வைத்திருந்தான். யாரும் செய்யச் சொல்லவில்லை. சும்மா இருக்க முடியாத புத்திதான் காரணம். லோமான் அந்த நோட்டை ஒரு மணி நேரம் படித்தார். பட்டம் வாங்கும் வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும், எங்கள் ஜெர்மனியில் மாணவனாக இருக்கும்போதே ஆராய்ச்சிக்கு வரலாம், போகவரச் செலவும் எங்களுடையது என்றார். அதற்கப்புறம் அவரிடமிருந்து மூன்று நீலக் கடிதங்கள் வந்தன. மூன்றையும் பெரியண்ணனின் அம்மா செங்கமலம் சாமி மாடத்தில் திருநீற்று மடலுக்குக் கீழே வைத்திருந்தாள்.

நாலாவது கடிதத்துக்குத்தான் அவன் காத்திருந்தான். பங்குனி முழுக்கச் சிதம்பரம் விடுதியில் இருந்தான். பெரிய மனிதரை அவசரப்படுத்தக் கூடாது என்று சும்மா இருந்துவிட்டுச் சித்திரையில்தான் ஒரு நினைவூட்டல் எழுதினான். அதற்கு வந்த பதில்தான் இப்போது கையில் இருந்தது.

உள்ளே தபால்காரர் சாமிக்கண்ணு பையில் கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, பங்குனியில எங்க வூட்டுக்கு வெளிநாட்டு லெட்டரு எதுனா வந்துதா?”

“வந்துதே தம்பி. வெள்ளக் கவரு, சுத்தியும் கறுப்புக் கரை. அம்மாகிட்டதான் குடுத்தேன்.” சாமிக்கண்ணு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். கை நின்றுவிட்டது. “அவங்க ஒண்ணும் சொல்லலியா?”

சொல்லவில்லை என்று தலையாட்டினான்.

“உங்கப்பா அப்ப கையில காப்புக் கட்டிகினு இருந்தாரு இல்ல? நான் கவர நீட்டுனதும் அம்மா ரெண்டடி பின்னால போயிட்டாங்க. ஸ்டாம்பப் பாத்தா ஃபாரின் மாதிரி இருக்குதுங்கன்னு நானும் சொன்னேன். எம்புள்ளைக்கு வர்றது நீலமால்ல வரும், இது சாவுக் கடுதாசி, சாவு எந்த ஊருலேருந்து வந்தா என்னா, என் வூட்டுக்குள்ள வரக்கூடாதுன்னாங்க. கேட்டாண்டயே நாலா கிழிச்சி வேலியில போட்டுட்டாங்க. படிச்சிட்டாவது கிழிங்கம்மான்னேன். படிச்சாத்தான தீட்டு, கேக்காத சாவுக்கு ஏது தீட்டுன்னுட்டாங்க.” பிறகு குரல் இறங்கிக் கேட்டார். “அதுவா தம்பி உன்னுது?”

“இல்லண்ணே. அது வேற” என்றான் பெரியண்ணன். பொய் இவ்வளவு சுலபமாக வருமென்று அவன் நினைத்ததில்லை.

டவுன்ஷிப்பில் வீடு இருந்த ப்ளாக்கைப் பார்த்து நடந்தான். சாலை நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. அவர்கள் ஊரைச் சுரங்கத்துக்காக எடுத்துக்கொண்டபோது, கூலிக்காரர்களான அவர்களுக்கு நஷ்டஈடு வாங்க நிலம் நீச்சு ஒன்றும் இல்லை. மாரியம்மனை மட்டும் தூக்கி வந்து டவுன்ஷிப் ஓரத்தில் கொட்டகை போட்டு உட்கார வைத்தார்கள். அவன் அப்பா ராமலிங்கம் கன்வேயரில் ஹெல்பராகச் சேர்ந்து, போன வருடம் பர்மனெண்ட் ஆகிக் குவார்ட்டர்ஸும் வாங்கிவிட்டார். மகன் கப்பலேற வேண்டும் என்று அந்த அம்மனுக்குத்தான் பங்குனியில் தீமிதிக்க வேண்டிக்கொண்டார். காப்புக் கட்டிய வீட்டுக்குள் சாவுச் சேதி நுழைந்தால் காப்பை அவிழ்த்துவிட வேண்டும். நெருப்பில் இறங்க முடியாது, வேண்டுதல் பாழ். எதைக் காப்பாற்றக் கிழித்தாளோ அதையேதான் அம்மா கிழித்திருக்கிறாள். அப்பா நன்றாகவே மிதித்தார். ஒரு கொப்புளம்கூட வரவில்லை என்று ப்ளாக் முழுக்கச் சொல்லி, எல்லார் வீட்டுக்கும் கூழ் கொடுத்து அனுப்பினாள்.

இதெல்லாம் மனசுக்குள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. ஆனால் எதுவும் சுடவில்லை. வெகுநேரம் பஸ்ஸில் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல இரண்டு மூன்று தடவை ‘ஜெர்மனி’ என்று தனக்குள் சொல்லிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. பயம் ஒன்றுதான் மெல்லத் தலைகாட்டியது. அதுவும் தன்னைப் பற்றியது இல்லை. வீட்டுக்கு எந்த இங்கிலீஷ் கடிதம் வந்தாலும் அப்பா அதைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ராயப்பனிடம் கொண்டுபோய்விடுவார். திருநெல்வேலிக்காரரான ராயப்பன் ஸ்டோர்ஸில் கிளார்க். மகன் படித்துச் சொன்னாலும் அவர் வாயால் ஒரு தடவை கேட்டால்தான் அப்பாவுக்குத் திருப்தி. ராயப்பனும் தேதி, துக்க உறை என்று ஒரு வரி விடாமல், அம்மா காதில் விழும்படி படித்துச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு அம்மா இந்த வீட்டுக்குள் எப்படி நடமாடுவாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

கேட் கண்ணில் பட்டபோதே அம்மாவும் கண்ணில் பட்டாள். குறிஞ்சிப்பாடியில் தறிக்காரரிடம் சொல்லி இரட்டை நூலில் நெய்து வாங்கிய போர்வையை வாசல் கயிற்றில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே ஐஸ் கட்டி வானத்திலிருந்து விழுமாம் என்று யாரோ சொன்னதிலிருந்து அந்தப் போர்வை வாரம் ஒரு தடவை வெயிலுக்கு வந்துவிடும்.

அவன் கையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. “நீலமா வந்துட்டுதா! பாத்தியா, நான் சொல்லிகினே இருந்தேன்ல? குடு, சாமிகிட்ட வெக்கறேன். அப்பாரு ஷிஃப்ட் வுட்டு வரட்டும், ராயப்பன் சார் வூட்டுக்குப் போவலாம்.”

பெரியண்ணன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். முன்கூட்டி ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. கை தானாகக் கடிதத்தை இரண்டாகக் கிழித்தது. அப்புறம் நாலாக. அப்புறம் எட்டாக.

“ஏ... ஏண்டா! இன்னாடா பண்ற?”

“சாவுச் சேதிம்மா.”

நீட்டிய கை அப்படியே நின்றது. “யாரு?”

“ப்ரொபசரு.”

“நம்ம வூட்டுல மோரு வாங்கிக் குடிச்சாரே, அந்த மனுசனா?” அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “உப்பு நெறையாப் போட்டுட்டேன். ஒண்ணுமே சொல்லாம முழு சொம்பும் குடிச்சாரேடா. ஐயோ பாவமே.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “அப்ப உன் பயணம்?” என்றாள்.

“அவரு இல்லன்னா அது இல்லம்மா.”

அவள் கொஞ்ச நேரம் போர்வையைப் பார்த்தாள். பிறகு, செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தவள் போல, “உள்ள வராத, அங்கியே நில்லு” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் வாளி நிறையத் தண்ணீரும் சொம்புமாக வந்தாள். சாவைக் கேட்டவன் தலை முழுகாமல் படியேறக் கூடாது. அவன் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுக் குனிந்து நின்றான். முதல் சொம்புத் தண்ணீர் சில்லென்று பிடரியில் இறங்கியது. அது குளிர்ச்சி என்று தெரிந்தது. காலையிலிருந்து உடம்பில் தெரிந்தது அது ஒன்றுதான்.

“பொண்டாட்டி புள்ளைங்க இருந்தாங்களோ என்னமோ” என்றபடி அடுத்த சொம்பை ஊற்றினாள். “எப்பப் போனாராம்?”

“மாசியில.” வாயில் வந்துவிட்டது. அவனுக்கே அது அப்புறம்தான் உறைத்தது.

சொம்பு அந்தரத்தில் நின்றது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவன் தோளில் விழுந்தது.

“மாசியிலியா? மாசியில போனவருக்கு இப்பத்தான் எழுதுறாங்களா?”

“ஆமாம்மா. இப்பத்தான் எழுதியிருக்காங்க. அதுக்கு முன்னாடி எதுவும் எழுதல.”

கடைசி வாக்கியம் வேண்டாதது. அதை அவள் கேட்கவே இல்லை. குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவை வேலிப் பக்கம் கொஞ்சம் திரும்பின. வேலியடியில் சருகுகளும் இப்போது அவன் போட்ட நீலத் துண்டுகளும் கிடந்தன. வேறெதுவும் இல்லை. பாதங்கள் பழையபடி அவனைப் பார்த்துத் திரும்பின.

அடுத்த சொம்புத் தண்ணீர் விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. நீலத் துண்டுகள் ஈரத்தில் ஒட்டி, மை கலங்கி மண்ணோடு மண்ணாயின. வாளியின் அடியில் சொம்பு உரசும் சத்தம் கேட்டது. தண்ணீர் தீர்ந்துவிட்டது, இனி நிமிரலாம் என்று நினைத்தான்.

சொம்பு மறுபடியும் அவன் தலைக்கு மேலே வந்து கவிழ்ந்தது. ஒரு சொட்டும் விழவில்லை. இன்னொரு தடவை வாளிக்குள் போய் வந்து கவிழ்ந்தது. பெரியண்ணன் நிமிராமல், தலையைக் கொடுத்தபடியே நின்றான்.