இரண்டு கதவு போதும்

ஒரு குடும்பத்தின் மேன்மை அதன் வாசலில்தான் தொடங்குகிறது என்பது பாறசாலை சத்தியராஜின் வாழ்நாள் கொள்கை. ஆகவே குட்டிக் கார் வாங்கப் போன இடத்தில், இரண்டு கதவு போதும் என்றார்.

“நாலு கதவு எடுங்கோ. ஒங்க வயித்துக்கு ஏறி எறங்காண்டாமா?” என்றாள் மனைவி ஆனந்தபாய். லைசென்ஸ் அவளுக்குத்தான் உண்டு. சத்தியராஜ் டெஸ்டுக்குப் போகிறபோதெல்லாம் கம்பியைச் சாய்த்துவிட்டு வருகிறவர்.

“நாலு கதவு டாக்சிக்காரனுக்காக்கும். ஆராதனை முடிஞ்சா சபை மொத்தமும் நாலு பக்கமும் திறந்து ஏறிக்கிடும். இதுல நாம சீட்டை மடக்கினாத்தான் ஒருத்தன் பின்னால போவ முடியும். கன்ட்ரோல் நம்ம கையில, கேட்டியா?”

கலெக்டர் பின்னால்தான் உட்காருகிறார் என்பதால் சத்தியராஜும் பின்னால்தான் உட்கார்ந்தார்.

வெகுநாள் கனவான சபைச் செயலாளர் பதவிக்கு இம்முறை எதிராளியே இல்லை. பெயரை வாசித்ததும் எழுந்து நின்றால் சம்மதம், அவ்வளவுதான். தேர்தல் நடத்த வந்த ஆயரை நெய்யாற்றின்கரையிலிருந்து, ஆனந்தபாய் ஓட்ட, தன் காரிலேயே கூட்டிவந்தார். ஆயருக்கு நீளக் கால்கள்; முன்னால் ஏறிக்கொண்டார்.

சபைக் கோயில் முற்றத்தில் இளைஞர் சங்கத்து வினீத் கதவைத் திறந்து ஆயரை இறக்கி, பொன்னாடை போர்த்தி, மிகுந்த பக்தியோடு கதவைச் சாத்தினான். “சாயா ஆறிப்போவும்” என்று சமையல்கட்டுக்கு ஓடிய ஆனந்தபாய், ஓட்டத்திலேயே சாவியை அமுக்கினாள். கார் பூட்டிக்கொண்டது.

பின்கண்ணாடி இறங்காது. போன் முன்னால் சார்ஜில் கிடந்தது. சத்தியராஜ் கண்ணாடியைத் தட்டினார்.

“தோத்திரம் அண்ணாச்சி” என்று கைகூப்பினாள் கூட்டத்துக்கு வந்த ரெஜிலா. பழக்கதோஷத்தில் அவரும் கைகூப்பினார்.

“இறங்க மனசில்ல பாத்தியா,” என்றாள் ரெஜிலா கூட வந்தவளிடம். “புதுக் காருல்லா!”

இரு இருக்கைகளுக்கும் நடுவே நுழைந்து பார்த்தார். வயிறு விடவில்லை. முன்கதவின் பிடிக்கும் ஹாரனுக்கும் கை எட்டவில்லை.

ஒலிபெருக்கியில் ஆயர் வாசித்தார்: “செயலாளர், திரு. சத்தியராஜ்.” யாரும் எழுந்து நிற்கவில்லை. மறுபடியும் வாசித்தார். சத்தியராஜ் காருக்குள் எழுந்து நின்றார். தலை கூரையில் இடித்தது.

“அண்ணாச்சிக்கு மனசில்ல போல. காருலயே இருக்காரு,” என்றது ரெஜிலாவின் குரல். “அவிய வீட்டுலேந்து அக்கா உண்டும். அக்காவ போட்டா என்ன?”

“இல்ல, அவிய இப்ப வந்திருவாவ...” என்று சொல்வதற்காக ஆனந்தபாய் எழுந்து நின்றாள். மீதிப் பேச்சு கைதட்டலில் கேட்கவில்லை.

வாழ்த்தெல்லாம் முடிந்து சாயாவும் வடையும் தீர்ந்தபின் காரைச் சுற்றி ஆள் கூடியது. வினீத் சாவி வாங்கிவந்து கதவைத் திறந்தான். “இறங்குங்கோ அண்ணாச்சி.”

சத்தியராஜ் இறங்கவில்லை. சீட்டை மடக்கும் பிடி எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. புதிய செயலாளர் வந்துதான் மடக்கிவிட்டார்.