ஒழுகிய அறையின் சாவி

1968ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள், வியாழக்கிழமை. காரைக்குடியில் விடியற்காலை முதல் இடைவிடாத மழை, வாடைக்காற்று.

1

இக்கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய கட்டில், ஓர் அறை உண்டு. அதன் பூட்டை மற்றவர் தொடுவதில்லை. அன்று ஒழுகியது என் அறை. சாவி என் இடுப்பில். நானோ மதுரையிலிருந்து வரும் பேருந்தில். என் சீர்ப் பாத்திரங்கள் அவ்வறையில் அடுக்கடுக்காக இருப்பதாக உறவினர் நம்பினர். கணவரின் கடை நொடித்தபோதே அவை போய்விட்டன. உள்ளே வெறுந்தரை. அதனை அறிந்தவர் நாங்கள் இருவர் மட்டுமே.

ஆகவே, பின்வருவனவற்றுள் பெரும்பகுதியை நான் பார்க்கவில்லை, எழுதுகிறேன்.

2

மழை பொழிந்தது. கண்ணம்மை பெருங்கவலை உற்றார். அவர்தம் கண்கள்—

(அழகிய தொடர்தான். ஆனால் கண்ணம்மை ஆச்சி கண்களால் கவலைப்படுகிறவர் அல்லர். நீக்குக.)

கண்ணம்மை என் கணவரின் அண்ணன் மனைவி. பூட்டிய கதவின் கீழ் நீர் கசிவதைக் காலை பத்து மணிக்குக் கண்டார். கோணிச்சாக்கை முறுக்கி நிலைப்படியில் அணைத்தார். ஓடு மாற்றும் மலையாண்டிக்கு ஆள் அனுப்பினார். பிறகு, எங்கே ஒழுகுகிறது என்றறியக் கதவில் காதை வைத்தார்.

பித்தளையில் விழும் ஓசை அன்று. துணியில் விழும் ஓசையும் அன்று. தரையில்—

(இங்கே என் பேனா நிற்கிறது. அவர் அதனை உணர்ந்தாரா? ஓர் ஊறுகாய்ச் சாடியின் பொருட்டு எங்களுக்குள் மூன்றாண்டுகளாகப் பேச்சில்லை. உணர்ந்து மகிழ்ந்தார் என்று முதற்படியில் எழுதினேன். அத்தாளை அடுப்பில் இட்டேன்.)

3

முகப்பில் நாச்சியாபுரத்து அழகுசுந்தரம் அமர்ந்திருந்தார். என் மகளைத் தம் மகனுக்குப் பேசி முடிக்க வந்தவர். வெறும் அறையைக் கண்டால் எழுந்து போய்விடுவார். நெடுநேரம் பொறுத்திருந்தவர், வளவுக்குள் வந்தார்.

"என்ன ஆச்சி, சாமானெல்லாம் நனையுது, பாத்துக்கிட்டு நிக்கிறீக? பூட்டை ஒடைச்சிருவோம்."

"அவுக பூட்டு. அவுக வந்து தெறக்கட்டும்."

"ஓரகத்தி சாமான் நாசமாப் போகட்டும்னு இருக்கீகளாக்கும்?"

"அப்படியே வச்சுக்கங்கண்ணே. காப்பி ஆறுது, போய்க் குடிங்க."

அவர் திரும்பியதும், கண்ணம்மை ஒரு பித்தளைத் தவலையைக் கொணர்ந்தார். என் கதவுக்கு நேரே, தாழ்வாரத்து நீர் முற்றத்தில் விழும் இடத்தில், அதனைக் கவிழ்த்து வைத்தார். தணங், தணங் என்று வீடெங்கும் பித்தளையின் ஓசை. அதன்பின் அறைக்குள் விழும் சொட்டு எவர் காதிலும் விழவில்லை.

(கவிழ்த்த தவலை நீர் பிடிக்காது. இது என் கற்பனை அன்று. பின்னர் நானே கண்டேன்.)

4

மூன்றரை மணிக்கு மழை தணிந்து தூறலாயிற்று. மலையாண்டி ஏணியோடு வந்தார்.

"உள்ள நின்னு பாத்தாத்தான் ஆச்சி, எந்த ஓட்டுல வெளிச்சம் வருதுன்னு தெரியும். கதவைத் தெறங்க."

அழகுசுந்தரம் கடப்பாரையைத் தேடத் தொடங்கினார்.

"வேணாம். கதவுலேருந்து மூணு முழம், அங்குட்டுச் சுவத்துலேருந்து ரெண்டு முழம். ஏறு."

"உள்ள போயி அளந்தமாதிரி சொல்றீகளே!"

"ஏறப்பா. வாயாலயே ஓடு மாத்திருவ போல."

5

மலையாண்டி கடைசி ஓட்டைச் செருகிக்கொண்டிருந்தபோது நான் நுழைந்தேன்.

"தெறந்து பாருங்க ஆச்சி, என்னென்ன போச்சோ" என்றார் அழகுசுந்தரம்.

முதல் முடிவு: நான் கதவைத் திறந்தேன், அவர் எட்டிப் பார்த்து—

இரண்டாம் முடிவு: சாவி கிணற்றில் விழுந்தது. (பொய். நீக்குக.)

நிகழ்ந்தது: கண்ணம்மை எனக்கும் கதவுக்கும் இடையில் வந்து நின்றார். மூன்றாண்டுகளுக்குப் பின், எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"இப்பத் தெறக்க வேணாம். தரை காயட்டும்."

பிறகு, "பேச்சை முடிக்கிற நேரத்துல ஈரச் சாமானா பாக்கிறது? வாங்கண்ணே" என்று அவரை முகப்புக்கு அழைத்துச் சென்றார். அன்று மாலையே வெற்றிலை பாக்கு மாற்றினோம்.

சாமான் காயட்டும் என்று சொல்லவில்லை, தரை என்றார். அல்லது சாமான் என்றதைத் தரை என்று நான் எழுதிக்கொண்டேனோ? நேரில் கேட்க நா எழவில்லை. பிறர் கையால் எழுதுவிக்கக் கூடிய வினாவும் அன்று. நாற்பத்தாறாம் வயதில் எழுத்துக் கற்றேன். இப்போது வேறூரில் வசிக்கும் நான், அஞ்சலட்டையில் அவர் முகவரியை என் கையாலேயே எழுதி வைத்துள்ளேன். மறுபக்கம் வெறுமையாக உள்ளது. அதில் என்ன எழுதலாம் என்பதை, தவலையைக் கண்ட வாசகராகிய நீங்களே கூறுங்கள்.

மலையாண்டி இறங்கினார். கண்ணம்மை தவலையை நிமிர்த்தி எடுத்துப் போனார். ஒழுக்கு நின்றபோது மாலை மணி நான்கு நாற்பது.